பழமொழியைச் சந்தர்ப்பத்தோடு கற்பித்தல்: தரம் 10, 11 தமிழாசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

தவணைப் பரீட்சை விடைத்தாள் ஒன்றில், "காற்றுள்ள போதே தூற்றிக்கொள்" என்ற பழமொழிக்குத் தரம் 10 மாணவி ஒருத்தி, "நமக்குப் பலம் இருக்கும் காலத்திலேயே பகைவர்களைத் திட்டித் தீர்த்துவிட வேண்டும்" என்று விளக்கம் எழுதியிருந்தாள். அவள் திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் பிள்ளை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்யும் குடும்பத்தவள். ஆயினும் அவள் கண்ட அறுவடை, இயந்திரம் ஒரு பக்கம் கதிரை இழுத்து மறுபக்கம் நெல்லைக் கொட்டிவிடும் அறுவடை. சூடு மிதிப்பதையும், சுளகை ஏந்திக்கொண்டு காற்றுக்காகக் களத்தில் காத்து நிற்பதையும் அவள் பார்த்ததில்லை. 'தூற்றுதல்' என்றால் பழி தூற்றுதல் என்ற ஒரு பொருளே அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததைக் கொண்டு அவள் ஒழுங்காகவே சிந்தித்திருந்தாள். பிழை என்னுடையது. ஐம்பது பழமொழிகளைக் கரும்பலகையின் இடப்பக்கத்திலும் அவற்றின் பொருளை வலப்பக்கத்திலும் எழுதிக் கொப்பியில் பார்த்தெழுதச் சொன்னவன் நான். எழுதியவை கொப்பியில் இருந்தன, பிள்ளைகளிடம் இருக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு சுளகும், பதர் கலந்த நெல் ஒரு கொத்தும், ஒரு வெறுஞ்சாக்கும் கொண்டு சென்றேன். ஆடி மாதம், கச்சான் காற்று உரமாக வீசிக்கொண்டிருந்தது. வகுப்பை விறாந்தைக்கு அழைத்து, அந்த மாணவியிடமே சுளகைக் கொடுத்தேன். அவள் அதைத் தலைக்கு மேலே உயர்த்தி மெல்லச் சரித்தபோது, நெல் நேரே சாக்கில் விழுந்தது. பதர் விலகிப் பறந்து முற்றத்து மணலில் போய்ப் படிந்தது. அவளுக்குப் பின் ஒரு பையன் எடுத்துச் சரித்த வேளையில் காற்று சட்டென்று விழுந்துவிட, நெல்லும் பதரும் ஒரே குவியலாகக் காலடியில் கொட்டின. "சேர், இனி எல்லாத்தையும் அள்ளித் திரும்பத் தூத்த வேணும்" என்றான் அவன். அந்த வாக்கியத்துக்குப் பிறகு நான் பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "இதை வீட்டில் யாருக்குச் சொல்லலாம்?" என்று மட்டும் கேட்டேன். முடிவுத் திகதி வரும்வரை விண்ணப்பப் படிவத்தை நிரப்பாமல் வைத்திருக்கும் தன் அக்காவுக்குச் சொல்லலாம் என்றாள், பகைவரைத் திட்டச் சொன்ன அதே மாணவி.

பல ஆண்டுகள் பிழையாகக் கற்பித்த பின் நான் வந்தடைந்த முடிவு இதுதான். பழமொழி என்பது பொருள் எழுதுவதற்காகப் பிறந்த வாக்கியம் அன்று. ஒருவர் இன்னொருவருக்கு, ஒரு நேரத்தில், ஒரு காரணத்துக்காகச் சொல்வது. தொல்காப்பியம் இதை அன்றே தெளிவாகக் கூறிவிட்டது. நுண்மை, சுருக்கம், ஒளியுடைமை, மென்மை ஆகியவை விளங்கத் தோன்றி, "குறித்த பொருளை முடித்தற்கு" வருவதே முதுமொழி என்கிறது செய்யுளியல். முடித்தற்கு வருவதாயின், முடிக்கப்பட வேண்டிய பேச்சொன்று அதற்கு முன்னரே நடந்துகொண்டிருக்க வேண்டும். அந்தப் பேச்சை வகுப்பறைக்குள் கொண்டு வராமல் அதை முடிக்கும் சொல்லை மட்டும் கொடுப்பதால்தான் பிள்ளைகளுக்குப் பழமொழி மனனப் பாரமாகிவிடுகிறது.

ஆகவே, பாடத்தை நிகழ்ச்சியிலிருந்து தொடங்குங்கள். பழமொழியை ஒளித்து வையுங்கள். நாற்பது நிமிடப் பாடவேளையில் முதற் பத்து நிமிடமும் ஒரு சம்பவத்துக்கே உரியது. நான் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் சம்பவம் ஒன்றைச் சொல்கிறேன். ஓர் இளைஞர் உயர்தரம் முடித்துவிட்டார். வெளிநாட்டு விசா இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று மூன்று வருடமாக எந்த வேலைக்கும் போகாமல், எந்தப் படிப்பையும் தொடங்காமல் இருக்கிறார். வீட்டுத் திண்ணையில் இருக்கும் ஆச்சி ஒருநாள் அவரைப் பார்த்து ஒரே ஒரு வசனம் சொல்கிறார். அந்த வசனம் என்னவாக இருக்கும்? பிள்ளைகள் தங்கள் சொந்த வார்த்தையில் சொல்லிப் பார்க்கட்டும். ஏழெட்டு விடைகள் வந்த பின்னரே, "கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று உடல் வற்றிச் செத்ததாம் கொக்கு" என்று எழுதுகிறேன். கடற்கரை மணலில் கருவாடு காய்வதை அன்றாடம் பார்க்கும் பிள்ளைகளுக்கு அந்தக் கொக்கு கண்முன்னே வந்து நின்றுவிடும்.

இங்கே பாடத்தை நிறுத்திவிடாதீர்கள். ஒருமுறை பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "அது சரியில்லை சேர், கொக்கு சும்மா நிண்டது. அந்த அண்ணா முகவருக்குக் காசு கட்டியிருக்கிறார், அவர் முயற்சி செய்யாமல் இல்லை" என்று வாதிட்டான். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஆச்சி சொன்னது பொருந்துமா, பொருந்தாதா? பொருந்தாவிட்டால் எந்தப் பழமொழி பொருந்தும்? "இலவு காத்த கிளி" என்றான் ஒருவன். அது உவமைத்தொடர் என்று இன்னொருத்தி திருத்தினாள். மரபுத்தொடர், உவமைத்தொடர், பழமொழி என்ற வேறுபாட்டை வரைவிலக்கணம் சொல்லி விளக்குவதைவிட இத்தகைய இடத்தில் வாய்மொழியாகத் தொட்டுச் செல்வது போதுமானது. தனித்து நின்று ஒரு கருத்தை முடித்து வைப்பது பழமொழி. மற்றவை நம் வாக்கியத்துக்குள் வந்து உறுப்பாக நிற்பவை. இதற்கு மேல் அதில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

ஒவ்வொரு பழமொழிக்கும் மூன்று கேள்விகளைக் கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள்: யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், சற்று முன்னர் என்ன நடந்தது? வாரத்துக்கு இரண்டு பழமொழி போதும். ஒரு தவணையில் இருபது தேறினால் அது நல்ல அறுவடை. ஐம்பதை ஒப்புவித்து மூன்றைக்கூடப் பேச்சில் பயன்படுத்தத் தெரியாத நிலையைவிட, இருபதையும் வாயில் வைத்திருப்பது எத்தனையோ மடங்கு மேலானது.

எதைத் தெரிந்தெடுப்பது என்பதில் ஊரை முன்னே வையுங்கள். "ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யார் நான் யார்" என்பதை எடுத்துக்கொள்வோம். கிண்ணியாப் பாலம் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் அந்த நீர்ப்பரப்பைக் கடக்க மக்கள் 'பாதை' என்று சொல்லப்படும் மிதவைக்காகத் துறையடியில் காத்து நிற்க வேண்டியிருந்தது. இன்று தரம் 10இல் இருக்கும் பிள்ளைகளுக்கு அது 396 மீற்றர் நீளமான பாலம் மட்டுமே. ஓரிரு நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். அவர்களுடைய தாய் தந்தையருக்கோ, மழை இருட்டில் முன்பின் அறியாதவரோடு நெருக்கியடித்து நின்று கதைத்த பயணமும், கரையில் இறங்கியதும் ஆளையாள் திரும்பிப் பாராமல் போனதும் நினைவில் இருக்கின்றன. பிள்ளைகளை வீட்டில் கேட்டு வரச் சொல்லிவிட்டு மறுநாள் இப்பழமொழியை எழுதினால், விளக்கத்தைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். "அலை ஓய்ந்த பின் கடலாடலாமா" என்பதற்கும் அப்படித்தான். வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்துக் கிடப்பதைக் கண்ட பிள்ளைக்கு அந்தக் கேள்வியின் ஏக்கமும் எச்சரிக்கையும் உடனே பிடிபடும்.

அடுத்தது வீட்டிலிருந்து சேகரித்து வரச் செய்வது. பலரும் இதை ஒப்படையாகக் கொடுக்கிறார்கள். பலருக்கும் இது தோல்வியில் முடிகிறது. காரணம், "அம்மம்மா, ஐந்து பழமொழி சொல்லுங்கோ" என்று கேட்டால் எந்த அம்மம்மாவுக்கும் ஒன்றும் வாயில் வராது. பழமொழி நினைவுப் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவதன்று. விடயம் வந்தால் தானாக வந்து விழுவது. ஆகவே பிள்ளைகளிடம், ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருங்கள் என்று சொல்லுங்கள். அல்லது ஒரு சம்பவத்தைப் பெரியவரிடம் விவரித்து, "இப்படி நடந்தால் நீங்கள் என்ன சொல்லுவீங்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு பழமொழிக்கும் ஓர் அட்டை. அதில் சொன்னவர் சொன்ன வடிவமும், யாருக்கு என்பதும், சற்று முன்னர் நடந்ததும் இருக்க வேண்டும். "சட்டியில இருந்தாத்தான் அகப்பையில வரும்" என்று அப்பம்மா சொன்னால், அப்படியே எழுத வேண்டும். இலக்கணப்படுத்தித் திருத்தி எழுதும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். பேச்சு வடிவம் முதலில், எழுத்து வடிவம் அதன் கீழே.

கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும் பிள்ளைகள் தங்கள் உம்மம்மாவிடம் கேட்டு வருபவை, நகரத்துப் பிள்ளைகள் கொண்டு வருபவற்றிலிருந்து சில இடங்களில் சொல்லால் வேறுபடும். எது சரி என்ற தீர்ப்புக்கு அங்கே இடமில்லை. இரண்டையும் அருகருகே சுவரில் ஒட்டிவிடுங்கள். இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கும் பிள்ளைகள் இருப்பதால், "நிறைகுடம் தளும்பாது" என்பதைப் படிக்கும் நாளில் "பிருணு களே திய நொசெலே" என்ற சிங்களப் பழமொழியையும் நான் சேர்த்துச் சொல்வதுண்டு. நிறைந்த குடத்து நீர் அசையாது என்பதே அதன் பொருள். தண்ணீர் சுமந்து நடந்த பெண்கள் இரு மொழியிலும் ஒன்றையே கண்டிருக்கிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னபோது, நான் எண்ணிப் பார்த்திராத ஒன்றை அவளிடமிருந்து கற்றேன்.

ஒரு விடயத்தில் கவனமாக இருங்கள். போரிலும் 2004ஆம் ஆண்டுக் கடற்கோளிலும் பெரியவர்களை இழந்த வீடுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். "தாத்தா பாட்டியிடம் கேட்டு வாருங்கள்" என்று கட்டளையிட்டால், கேட்க ஆளில்லாத பிள்ளை வெறும் அட்டையோடு தலைகுனிந்து நிற்கும். அயல்வீட்டார், மீன் கொண்டு வருபவர், பஸ்ஸில் அருகே இருந்தவர், யாரிடம் கேட்டாலும் சரி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனிச் சற்று நின்று பேச வேண்டிய இடத்துக்கு வருகிறேன். "பழமொழியின் உண்மையான பொருள் இதுதான்" என்ற தலைப்போடு வட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளைப் பிள்ளைகள் வகுப்புக்குக் கொண்டு வருவார்கள். "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்பது பிழையாம். "ஆயிரம் வேரைக் கொன்றவன்" என்பதே சரியாம். "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்பது சட்டி விரதம் இருந்தால் கருப்பையில் பிள்ளை வரும் என்பதாம். "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்பதில் கழுதையே இல்லையாம். ஆசிரியர்கள் சிலரும் இவற்றை வகுப்பில் உறுதியாகச் சொல்வது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

இவற்றை ஏளனம் செய்து ஒதுக்காமல், ஒரு பாடவேளையைச் சோதனைக்காக ஒதுக்குங்கள். முதற் சோதனை, பழைய தொகுப்பில் எப்படி இருக்கிறது என்பது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய பீற்றர் பேர்சிவல் பாதிரியார் 1843இல் அங்கேயே தமிழ்ப் பழமொழித் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். 1874இல் வந்த விரிவான பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகள் உள்ளன. எர்மன் ஜென்சன் 1897இல் பொருள்வாரியாக வகுத்த தொகுப்பும் இருக்கிறது. இவை இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை. பிள்ளைகளே தேடிப் பார்க்கட்டும். இரண்டாவது சோதனை, மொழியோடு ஒத்து வருகிறதா என்பது. வேரைப் பிடுங்குவோம், கிண்டுவோம், இடிப்போம். 'கொன்றோம்' என்று எந்த வைத்தியரும் சொல்லிக் கேட்டதில்லை. மூன்றாவது சோதனைதான் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது: நேரடிப் பொருளில் என்ன குறை? ஆயிரம் பேரைக் கொன்ற பிறகும் அவர் அரை வைத்தியர்தான். அந்த 'அரை'யில்தான் பழமொழியின் கூர்மை இருக்கிறது. நோயாளியின் உயிரைப் பணயம் வைத்துக் கைப்பழக்கம் பெறுபவரைக் குத்திக் காட்டும் சொல்லை மூலிகைப் பாடமாக மாற்றினால், இடித்துரைக்கும் குரல் போய்விடுகிறது. நம் முன்னோர் கசப்பாகவும் பேசியிருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளும் கூச்சமே இத்தகைய திருத்தங்களின் பிறப்பிடம் என்பது என் கருத்து.

அந்தக் கூச்சத்துக்கு உண்மையான காரணம் உள்ள பழமொழிகளும் இருக்கின்றன. "பெண்புத்தி பின்புத்தி", "பொம்பிளை சிரிச்சாப் போச்சு, புகையிலை விரிச்சாப் போச்சு" போன்றவற்றையும், சாதியையும் உடற்குறையையும் வைத்து இழிவு செய்பவற்றையும் பிள்ளைகள் அட்டையில் எழுதிக்கொண்டு வரத்தான் செய்வார்கள். அவற்றை மறைக்கவும் வேண்டாம், பூசி மெழுகவும் வேண்டாம். அதே மூன்று கேள்விகளை, மூன்றாவதை மட்டும் சற்று மாற்றிக் கேளுங்கள். யார் சொல்கிறார், யாருக்குச் சொல்கிறார், சொன்ன பின் கேட்டவருக்கு என்ன ஆகிறது? ஒரு மாணவி, தான் சத்தமாகச் சிரித்த ஒரு மாலையில் இதைத் தன் சித்தப்பா சொன்னதாகவும், அன்று இரவு முழுவதும் தான் வாய் திறக்கவில்லை என்றும் எழுதியிருந்தாள். அதற்கு மேல் விளக்கம் எதற்கு? "அடியாத மாடு படியாது" என்பதையும் இங்கேயே பேசுங்கள். பாடசாலையில் உடற்றண்டனை கூடாது என்ற சுற்றறிக்கையும் இப்பழமொழியும் ஒரே ஆசிரியர் ஓய்வறையில் இருப்பதைப் பிள்ளைகள் அறிவார்கள்; நாம் பேசாமல் விட்டால், பழமொழியே சரியென்று நாம் கருதுவதாக எடுத்துக்கொள்வார்கள். சாதிப் பெயர் வரும் அட்டைகளை மட்டும் சுவரில் ஒட்டாதீர்கள். அவற்றைத் தனியே பேசி முடியுங்கள். அதே வகுப்பில் அந்தப் பெயரால் காயப்பட்ட பிள்ளை இருக்கக்கூடும்.

ஒன்றை ஒன்று மறுக்கும் பழமொழிகளை வைத்து விவாதம் நடத்துவது இலகுவானது, பயனும் மிகுந்தது. "தன் கையே தனக்குதவி", "தனிமரம் தோப்பாகாது" என்பது ஒரு சோடி. "அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்", "நாய் வாலை நிமிர்த்த முடியாது" என்பது இன்னொன்று. எது உண்மை என்று கேட்காமல், எந்த நேரத்தில் எது உண்மை என்று கேளுங்கள். கணிதத்தில் பின்தங்கிய நண்பனுக்கு எதைச் சொல்வீர்கள், ஏன்?

பழமொழியின் கட்டமைப்பையும் காட்டுங்கள். "கடல் வற்றி", "உடல் வற்றி" என்ற எதுகையும், "பதறாத காரியம் சிதறாது" என்பதில் இரு சொற்களும் ஒன்றையொன்று இழுத்து நிற்பதும் நினைவுக்குக் கைகொடுப்பவை. ஒரு சொல்லை மறைத்துவிட்டு ஓசையைக் கொண்டே கண்டுபிடிக்கச் செய்யலாம். "மேடை கோணல் என்றாளாம்", "செத்ததாம்" என்று முடியும் 'ஆம்' என்ற விகுதி, நான் பார்த்ததன்று, கேட்டது என்று சொல்பவரை ஒதுங்கி நிற்க வைக்கிறது. நேரே குற்றஞ்சாட்டாமல் குத்துவதற்கு அதுதான் உதவுகிறது. இலக்கிய வகுப்போடு இணைக்க விரும்பினால் பழமொழி நானூறு இருக்கிறது. "மணலுள் முழுகி மறைந்து கிடக்கும் நுணலும் தன் வாயால் கெடும்" என்ற அடியைப் படித்துக் காட்டி, மாரிமழைக்குப் பிறகு வீட்டுக் கோடிக்குள் கத்தும் தவளையை நினைவூட்டுங்கள். "தவளை தன் வாயால் கெடும்" என்று தங்கள் வீட்டில் சொல்வது பதினெண்கீழ்க்கணக்கு நூலொன்றில் இருப்பதைக் கண்டு பிள்ளைகள் நிமிர்ந்து இருப்பதை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

கட்டுரையில் பயன்படுத்துவதைப் பற்றி ஒரு சொல். எந்தத் தலைப்பாயினும் முதல் வரியில் ஒரு பழமொழியைத் தூக்கி வைக்கும் பழக்கம் ரியூசன் வகுப்புகளிலிருந்து வருகிறது. அதைக் கைவிடச் செய்யுங்கள். ஒரு வாதத்தை எழுதி முடிக்கும் இடத்தில், ஒரு கட்டுரைக்கு ஒன்று என்ற அளவில் வந்தால் போதும்.

மதிப்பீட்டையும் மாற்றாவிட்டால் இவை எல்லாம் வீண். "பின்வரும் பழமொழிகளின் பொருள் எழுதுக" என்று தவணைப் பரீட்சையில் கேட்டால், பிள்ளைகள் மீண்டும் மனனத்துக்கே திரும்புவார்கள். நான் இப்போது தரும் வினா இப்படி இருக்கும்: "பழமொழி ஒன்று பொருத்தமாக வரும்படி, இருவர் பேசிக்கொள்ளும் எட்டு வரி உரையாடல் ஒன்றை எழுதுக. பழமொழி இறுதி வரியாக அமையக்கூடாது." பத்துப் புள்ளியில் சந்தர்ப்பப் பொருத்தத்துக்கு ஐந்து, கேட்டவர் மறுமொழிக்கு மூன்று, மொழிநடைக்கு இரண்டு. மறுமொழிக்குத் தனிப் புள்ளி கொடுப்பதற்குக் காரணம் உண்டு. பழமொழியைக் கேட்டவர் அதற்கு என்ன சொன்னார் என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கே அதன் பொருள் விளங்கியிருக்கிறது. கடந்த தவணையில் ஒரு விடைத்தாளில், "ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி" என்று மாமி சொன்னதற்கு மருமகன் சொன்ன மறுமொழி இருந்தது: "மாமி, நான் இன்னும் ஆற்றுக்குள்ளதான் நிக்கிறன்." அதற்கு மூன்றுக்கு மூன்று கொடுத்தேன்.